நூறு கிராம் சுக்கு

மத்திகிரி
வெள்ளிக்கிழமை, ஆனி கடைசி

அன்புள்ள பூங்கொடி அக்காவுக்கு,

அனிதா எழுதுகிறேன். நீங்களும் பாப்பாவும் சாத்தூரில் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். பாப்பா இப்போது மூன்றாம் வகுப்பாக இருக்கும். இங்கே விழுந்த முன்பல் முளைத்துவிட்டதா?

கடிதமா என்று சிரிப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதோடு சரி எனக்கு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவள் எழுதும் தமிழ், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய நம்பருக்குப் போட்டால் வேறு யாரோ எடுக்கிறார்கள். புது நம்பர் கிடைத்தாலும் இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதோடு என் போன் இப்போது என்னிடம் இல்லை, என் வீட்டுக்காரர் மாதேஷ் எடுத்து வைத்துக்கொண்டார். ஏன் என்று பின்னால் எழுதுகிறேன்.

இந்த டப்பாவில் இருப்பது இஞ்சி பிஸ்கட். நீங்கள் சொல்லிக்கொடுத்த அதே அளவுதான். பாதி மைதா, பாதி கேழ்வரகு மாவு, வெண்ணெய், நாட்டுச் சர்க்கரை, இஞ்சிச் சாறு, சுக்குப் பொடி. ரப்பரையும் விசிலையும் கழற்றிய குக்கரில் உப்பைப் பரப்பி, மேலே தட்டு வைத்து இருபத்தைந்து நிமிஷம். உப்புகூட உங்களுடையதுதான். வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு டின்னில் விட்டுவிட்டுப் போனீர்கள். காய்ந்து காய்ந்து காப்பித்தூள் நிறமாகிவிட்ட உப்பு. மாமியார் அதைக் கொட்டச் சொன்னார்கள். நான் கொட்டவில்லை.

இங்கே மாமியாருக்கு மூட்டு வலி அதிகம். ஆனால் வாய் வலிக்கவே இல்லை, உங்களுக்குத் தெரியுமே. மாமரம் இந்த வருஷம் பூத்ததோடு சரி, காய் நிற்கவில்லை. மாமா பாகலூர் நிலத்தில் ரோஜா போடலாம் என்கிறார். மாதேஷ் வேண்டாம் என்கிறார். இருவரும் சாப்பிடும்போது இதைப் பேசித்தான் எழுந்திருக்கிறார்கள்.

நீங்கள் இருந்த போர்ஷன்தான் நிலைக்கவில்லை. சுபாஷ் அண்ணன் உங்களையும் பாப்பாவையும் விட்டுக் கண்ணை மூடி, வருகிற ஆடியோடு ஒரு வருஷம். அதற்குள் மூன்று குடித்தனம் மாறிவிட்டது. முதலில் வந்தவர்கள் இரண்டு மாதத்தில் போனார்கள். அடுத்தவர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் சாமானை எடுக்கத்தான் திரும்பி வந்தார்கள். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். மத்தியானம் மூன்று மணி வாக்கில், அடுப்பு அணைந்து கிடக்கும்போது, அடுப்படியில் இஞ்சி பிஸ்கட் சுடுகிற வாசம் வருகிறது.

இப்போது இருப்பது ஸ்வாதி, தருமபுரிப் பெண். அவளுக்குப் பயம் கிடையாது. ஒருநாள் என்னிடம் வந்து, தினமும் மூன்று மணிக்கு நீங்கள் மட்டும் சுட்டுத் தின்கிறீர்களே, எங்களுக்கு ஒன்று கொடுத்தால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று கேலியாகக் கேட்டாள். அக்கா, நான் ஒரு வருஷமாகக் குக்கரில் பிஸ்கட் வைக்கவே இல்லை. உப்பு டின்னை ஏறி எடுத்து எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகும் அங்கே வாசம் வந்தது.

மூன்று மணி எதற்கான நேரம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் அண்ணனை இறக்கிவிடுகிற நேரம். காம்பவுண்டில் எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டார்கள். குடிக்கப் போன வழியில் ரோட்டில் அடிபட்டுச் செத்தவன், குடிக்காமல் போன ஏக்கத்தில் வீட்டுக்கு வருகிறான் என்று. உங்களிடமும் இதே பேச்சுத்தானே வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒயின்ஷாப் இருக்கிறது, அதற்காகத்தான் ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கினான் என்றார்கள். குடித்திருக்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும், அப்படியானால் குடிக்கப் போகும்போது என்று மாற்றிக்கொண்டார்கள். நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன அமாவாசை அன்று மாமியார் ஒரு பூசாரியைக் கூட்டி வந்தார்கள், கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள். பொழுது சாய்கிற நேரம். ஸ்வாதி வீட்டு வாசலில் பொரி, முட்டை, எலுமிச்சம்பழம் எல்லாம் வைத்தார். போனவருக்கு எது பிடிக்கும் என்று கன்னடத்தில் கேட்டார். செத்தவருக்குப் பிடித்ததை வைத்து அனுப்பினால் திரும்பி வர மாட்டாராம். மாமியார் முன்பே வாங்கி வைத்திருந்த பிராந்தி பாட்டிலை முந்தானையிலிருந்து எடுத்து நீட்டினார்கள்.

அக்கா, எனக்கு அந்த நேரத்தில் என்ன ஆனது என்று தெரியவில்லை. இரண்டு வருஷம் முன்னால் இருக்கன்குடிக்குப் போய் அம்மன் முன்னால் சத்தியம் செய்துவிட்டு வந்த மனுஷன். தீபாவளி அன்றுகூட மாதேஷ் ஊற்றிக் கொடுத்ததைக் கையால் தொடாமல், எனக்கு டீ போதும் மாப்ள என்றவர். அவர் வீட்டு வாசலில் அந்த பாட்டிலைத் திறக்கப் போகிறார்கள். பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டேன். மாமா, மாதேஷ், காம்பவுண்டில் அத்தனை பேரும் நின்றார்கள். அவர்கள் முன்னால் சொன்னேன்.

“சுபாஷண்ணன் குடிக்கப் போகல. நான்தான் அவர அங்க எறங்கச் சொன்னேன்.”

இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மாங்காய்க் கதையும் மூட்டு வலிக் கதையும் எழுதி இவ்வளவு நேரம் தள்ளிப் போட்டுவிட்டேன்.

அன்றைக்கு மறுநாள் என் தங்கை பிரவீனாவைப் பெண் பார்க்க ஆனேக்கல்லிலிருந்து வருவதாக இருந்தது. அக்கா பிஸ்கட் செய்து தருவாள் என்று அம்மா வீட்டில் பெருமையடித்து வைத்திருந்தார்கள். உங்களைக் கேட்காமல் தனியாகச் செய்து காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு கிறுக்கு. மாவெல்லாம் பிசைந்த பிறகு பார்த்தால் சுக்குப் பொடி இல்லை. நீங்கள் ஷிப்டில் இருந்தீர்கள், உங்கள் கம்பெனியில் போனை லாக்கரில் வாங்கி வைத்துவிடுவார்கள். மாதேஷ் கிருஷ்ணகிரிக்கு மாங்காய் லோடோடு போயிருந்தார். இங்கே கடையில் முழுச் சுக்குத்தான் இருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் அரைத்துத் தருவார்கள், அங்கே வாங்கினால்தான் காரம் என்று நீங்கள் ஒருநாள் சொன்னது ஞாபகம் வந்தது. அண்ணனுக்குப் போன் செய்தேன். பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். கேட்கத் தயங்கினேன். அவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

“இதுக்குப் போயி ஏன் இம்புட்டு இழுக்குற, தங்கச்சி? பாலத்துக்கு முன்னாடியே எறங்கி வாங்கிட்டு வந்துர்றேன்.”

பஸ் பாலத்துக்கு அடியில் திரும்பி இந்தப் பக்கம் வந்து இறக்கிவிட்டிருக்கும். அவர் அந்த ரோட்டில் கால் வைக்க வேண்டியதே இல்லை.

ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். செய்தி வந்ததும் முதலில் என் போனை எடுத்து அந்த நம்பரை அழித்தேன். மாதேஷ் கெட்டவர் இல்லை, ஆனால் என் போனில் இன்னொரு ஆம்பளை நம்பர் இருந்தால் நூறு கேள்வி கேட்பார். குடித்தனக்காரருக்கு வீட்டுச் சொந்தக்காரர் மனைவி தனியாகப் போன் செய்தாள் என்று வந்தால் என்ன ஆகும் என்றுதான் என் புத்தி போனது. அண்ணன் போன் நொறுங்கிவிட்டது, திறக்கவில்லை என்று நீங்கள் அழுதுகொண்டே சொன்னபோது எனக்கு அப்பாடா என்று மூச்சு வந்தது அக்கா. அந்த மூச்சே பெரிய பாவம்.

அதைவிடப் பெரிய பாவம் ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவருடைய யூனிபார்ம் சட்டையைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். நீங்கள் அதை முகத்தில் வைத்துக்கொண்டு, சட்டையில் சுக்கு வாசம் அடிக்கிறதே, சுக்கு வாசம் அடிக்கிறதே என்று சொன்னீர்கள். யாரும் காது கொடுக்கவில்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னேன் தெரியுமா?

“அது உங்க கை வாசம்க்கா. தெனம் மாவு பெசையுற கை இல்லியா.”

நீங்கள் உங்கள் கையை முகர்ந்து பார்த்தீர்கள். பிறகு சட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டீர்கள். சாமி மேல் செய்த சத்தியத்தையே மீறிவிட்டார் என்று ஊருக்குப் போகும்போது சொன்னீர்கள். அதை உங்கள் வாயில் வைத்தது நான்.

அமாவாசை அன்று நான் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். பூசாரி நிதானமாக, அப்படியானால் அவருக்கு எது பிடிக்கும் என்று மறுபடி கேட்டார். இஞ்சி பிஸ்கட் என்றேன். அதையே வை என்றார். அத்தனை பேரும் காத்திருக்க, ஸ்வாதி அடுப்பில் குக்கரை ஏற்றினேன். சுக்கு இல்லை, அவள் கொடுத்த பச்சை இஞ்சிதான். உங்கள் உப்பு சூடேறியதும் வாசம் வந்தது. ஸ்வாதி என் கையைப் பிடித்துக்கொண்டு, இதுதான், தினமும் வருவது இதேதான் என்றாள். மாமியார் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்து பிஸ்கட்டை வாழையிலையில் வைத்துக் கும்பிட்டோம்.

அதிலிருந்து ஸ்வாதி வீட்டில் வாசம் வருவதில்லையாம். எனக்கு வருகிறது. மூன்று மணிக்குத் துணி துவைத்துக்கொண்டிருந்தாலும், கோயிலில் நின்றாலும் வருகிறது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் அந்தக் கடைக்குப் போனேன். பெரிய ரோட்டைக் கடக்க அரை மணி நேரம் நின்றேன். ஒரு அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். நாட்டு மருந்துக் கடை ஒயின்ஷாப்பை ஒட்டினாற்போல இருக்கிறது. கடைக்காரர் பெயர் ராஜப்பன், வயதானவர். அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிஸ்கட்டுக்கு, நைசாக அரைத்துக் கொடுங்கள் என்று கேட்டு நூறு கிராம் வாங்கினாராம். பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினாராம். அரவை மெஷினை நிறுத்துவதற்குள் ரோட்டில் சத்தம் கேட்டதாம். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். என்னை யாரும் கேட்கவில்லையே தாயி என்றார். அவர் நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டாம், அவரைக் கேளுங்கள்.

மாதேஷ் ஆறு நாளாக என்னோடு பேசவில்லை. ஒரே ஒரு தடவை, என் போனை வாங்கி வைத்துக்கொண்டு, தப்பு இல்லையென்றால் நம்பரை ஏன் அழித்தாய் என்று கேட்டார். பாகலூருக்கு அம்மா வீட்டுக்குப் போகச் சொல்வாரோ என்னவோ. சொன்னால் போகிறேன். இந்த டப்பாவை ஸ்வாதி ஷிப்டுக்குப் போகும் வழியில் கூரியரில் போடுகிறேன் என்றிருக்கிறாள்.

உங்கள் மாமியார் கருப்பாயி அம்மா சித்திரையில் எங்கள் மாமியாருக்குப் போன் செய்தார்கள். அண்ணன் போட்டோவை நீங்கள் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருப்பதாகவும், திதி கொடுக்க மாட்டேன் என்று சொல்வதாகவும் அழுதார்கள். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் குடிகாரன் மகள் என்கிறார்களாம். அதைக் கேட்ட பிறகும் மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் பாருங்கள். என்னை மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

நான் கேட்பது எனக்காக இல்லை. போட்டோவைத் திருப்பி வையுங்கள் அக்கா. அவர் சத்தியத்தை மீறவில்லை. ஆடியில் அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். இதில் இரண்டு பிஸ்கட்டை அவர் முன்னால் வையுங்கள், நான் செய்தது என்று சொல்ல வேண்டாம். பாப்பாவை உட்கார வைத்து, அப்பா சுக்கு வாங்கத்தான் இறங்கினார் என்று சொல்லுங்கள். அவள் பள்ளிக்கூடத்தில் தலை நிமிர்ந்து நடக்கட்டும். அம்மன் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும்.

உங்கள் அடுப்படியில் கற்றுக்கொண்டவள்,
அனிதா

பின்குறிப்பு: டப்பாவின் அடியில், காகிதத்துக்குக் கீழே ஒரு பொட்டலம் இருக்கும். ராஜப்பன் கடைச் சுக்குப் பொடி, நூறு கிராம். அன்றைக்கு வீட்டுக்கு வர வேண்டியது. அந்தச் சட்டையைத் துவைக்காமல் எடுத்துப் போனீர்களே, இன்னும் வைத்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து முகர்ந்து பாருங்கள்.