சுவரொட்டியை நீங்களே சாப்பிடுங்கள்

தர்ஷினி அப்பாவுக்கு,

அரிசி டிரம்முக்குள் நீங்கள் ஒளித்துவைத்த என் கம்பெனி ஐடி கார்டை எடுத்துக்கொண்டு முதல் ஷிஃப்டுக்குப் போகிறேன். வேலைக்குப் போகலாம் என்று பெங்களூரு டாக்டர் சொன்னபோது நீங்களும்தானே பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்?

எனக்கு வந்திருப்பது ரத்தப் புற்றுநோய்தான். ஆனால் அது அபூர்வமான, மெல்ல நகரும் வகை. இப்போதைக்கு மருந்துகூட வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தால் போதும், காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே வந்துவிடுங்கள் என்றார். இதில் எது உங்களுக்குப் புரியவில்லை? லுக்கீமியா என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சூளகிரி முழுக்கச் சொல்லிவிட்டீர்கள். நேற்று ஆப்பிளோடு வந்தவர்கள், மாலை போட்ட போட்டோவைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.

பத்து மணிக்கு உங்கள் அக்கா நாகம்மா ஆட்டுச் சுவரொட்டி கொண்டுவருவார். "மண்ணீரலத் தின்னா ரத்தம் ஊறும் சுகுணா, கண்ண மூடிக்கிட்டுத் தின்னு" என்று போனில் ஒரே பிடிவாதம். வீங்கியிருப்பதே என் மண்ணீரல்தான் என்று அவருக்கு யார் சொல்வது? அதை மிளகு போட்டு வறுத்து நீங்களே சாப்பிடுங்கள்.

ரசம் அடுப்பு மேல் இருக்கிறது. தர்ஷினிக்கு டிபன் கட்டிவிட்டேன்.

சுகுணா

மறந்துவிட்டேன்: பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழாதீர்கள். டேங்க்கில் தண்ணீர் பாதிதான் இருக்கிறது. நான்கு மணிக்கு வந்துவிடுவேன். என் பக்கத்தில் உட்கார்ந்து அழுங்கள். நானும் இன்னும் அழவில்லை.