தும்மலில் போன விலா எலும்பு

அன்பு மகளுக்கு, என் வாலுப் பெண்ணுக்கு, அப்பா எழுதுவது. இங்கே அம்மா நலம், அவள் குரல் அதைவிட நலம், என் விலா எலும்பு ஒன்றைத் தவிர வீட்டில் எல்லாம் சௌக்கியம். நீயும் உன் உடைந்த காலும் எப்படி இருக்கிறீர்கள்?

விலாவுக்கு என்ன ஆயிற்று என்று பதறாதே, தும்மினேன், உடைந்தது. சலூனில் தபால்காரருக்குச் சவரம் பண்ணிக்கொண்டிருந்தேன், கையில் கத்தி, கத்திக்குக் கீழே அவர் கன்னம், மனிதர் பிழைத்துப் போகட்டும் என்று சட்டென்று உடம்பைத் திருப்பித் தும்மினேன், உள்ளே பட்டென்று ஒரு சத்தம். அவர் பாதி முகத்தில் நுரையோடு எழுந்து, என்னண்ணே ஒடஞ்சுது, நாற்காலியா என்று கேட்டார். வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அம்மா நம்பவில்லை, பரணைச் சுத்தம் பண்ணச் சொன்னதுக்கு இவ்வளவு பெரிய நாடகமா என்றாள். எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகுதான் வாயை மூடினாள், அதுவும் அரை நாள்.

எலும்பு டாக்டர் உன் வயதுப் பெண். விலாவைக் காட்டப் போனால் அவள் என் முழங்கையையே பார்க்கிறாள், இது எத்தனை வருஷமா இருக்கு என்கிறாள். நம் குடும்பச் சொத்தான சொரியாசிஸைத்தான் கேட்டாள். என் பொண்டாட்டிக்கே இது சீனியர்மா என்றேன், சிரிக்கவில்லை. தலையில் செதில் உதிர்கிற முடிதிருத்துபவனைப் பார்த்து ஊரே சிரிக்கிறது, இவள் சிரிக்காதது எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. எலும்பு எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று பார்க்க ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, உங்க எலும்பு மெலிஞ்சு போயிருக்கு, இது தோலோட நிக்கிற வியாதி இல்லீங்க, உள்ளுக்குள்ள கனன்றுக்கிட்டே இருக்கும், சில பேருக்கு எலும்பையும் மெலிய வெச்சிடும், எல்லாருக்கும் அப்படி ஆகாது, ஆனா பாத்துக்கணும் என்றாள். நான் காலமெல்லாம் மேலே களிம்பு தடவிக்கொண்டிருக்கிறேன், அது கீழே தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

அப்புறம், வீட்ல வேற யாருக்காவது இருக்கா என்றாள். என் வாயில் எப்போதும் ஒரு கிண்டல் தயாராக இருக்கும், உனக்கே தெரியும். அன்றைக்கு, என் பொண்ணுக்கு இருக்கும்மா என்று மட்டும் சொன்னேன். நீ போனில், நடைபாதையிலேருந்து இறங்கினேன், கால் எலும்புல கீறல் விழுந்துடுச்சு, ஷூ சரியில்லப்பா என்று சொன்னதுதான் காதில் கேட்டது. பாவம், அந்த ஷூ என்ன செய்யும்? உன் காலுக்குக் கட்டுப் போட்ட டாக்டரிடம் முழங்கையையோ முதுகையோ காட்டவே இல்லை என்று அம்மாவிடம் உளறியிருக்கிறாய், அவள் அப்படியே என்னிடம் ஒப்பித்துவிட்டாள். ஏன்டி, என்ன, திருடிக்கொண்டா வந்தாய்? என்னிடமிருந்து வந்தது, வெட்கப்படுவதாக இருந்தால் நான் பட்டுக்கொள்கிறேன், நீ முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு டாக்டர் முன்னால் உட்கார். எனக்குப் பயமாக இருக்கிறது, இதை வேடிக்கையாக எழுத எனக்கு வரவில்லை. என் எலும்பு உழைத்துத் தீர்த்த எலும்பு, போனால் போகட்டும், நீ இன்னும் எத்தனையோ நடக்க வேண்டியவள்.

அம்மா பால் குடிக்கச் சொன்னாள், அவளுக்கு உலகத்தில் எல்லா வியாதிக்கும் பால்தான். நீ நல்லபடியாக எழுந்து நடந்து, தீர்க்காயுசாக, எங்களை எதிர்த்துப் பேசிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் ஸ்கேன் எடு, எடுத்துவிட்டுப் போன் பண்ணு. அதுவரை நீ கூப்பிட்டால் எடுக்க மாட்டேன் என்று மிரட்ட ஆசைதான், ஆனால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்ளும்
உன் அப்பா