இரண்டு பக்கமும் தலை

மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். விமானத்தில் கால் மரத்துப்போனதைத் தவிர ஒரு குறையும் இல்லை. அண்ணியும் பிள்ளைகளும் சுகம். அம்மாவின் காரியம் முடிந்த கையோடு உன்னைத் தனியாக விட்டுவிட்டு வந்தது மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் படுக்கையில் கிடந்தவளை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டாய். உன்னைப்போல் யாராலும் முடியாது.

ஒரு சின்ன விஷயம். கிளம்பும் அவசரத்தில், "இந்த ஊர்க் காசு அங்க எனக்கெதுக்கு, உன் மிஷினுக்குப் போட்டுக்கோ" என்று பையிலிருந்த சில்லறையையெல்லாம் உன் மேஜைமேல் கொட்டிவிட்டு வந்தேன் அல்லவா? அதோடு என் ராசிக் காசும் போய்விட்டது. பழசு, விளிம்பில் ஒரு கீறல் இருக்கும். அன்றைக்கு நாம் சுண்டிப் பார்த்தோமே, அதே காசுதான். தேடி எடுத்து வை. தபாலில் வேண்டாம், தொலைந்துவிடும். அடுத்த முறை வரும்போது வாங்கிக்கொள்கிறேன். சும்மா புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்காதே, ஏற்கனவே தேய்ந்துபோன காசு.

பாசத்துடன்,
அண்ணன்

மார்ச் 19

அன்புள்ள அண்ணா,

கடிதம் கிடைத்தது. இங்கே கடையில் காசு போட்டால் ஓடும் ஏழு வாஷிங் மிஷினும் ஓடுகின்றன, கூடவே நானும் ஓடுகிறேன். மூன்றாம் எண் மட்டும் வழக்கம்போல முரண்டு பிடிக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை, அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டுமே என்று கடையிலிருந்து எழுந்து உள்ளே போய்விடுகிறேன். கட்டிலைப் பார்த்த பிறகுதான் உறைக்கிறது.

உன் காசு கிடைத்தது. கீறல் இருக்கிறது. உறையில் போட்டு ஒட்டி, பீரோவில் பூட்டிவிட்டேன்.

அதைக் கையில் எடுத்ததும் அந்த நாள் ஞாபகம் வந்தது. நம் இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் வெளிநாட்டு வேலைக் கடிதம். அம்மா படியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தாள். ஒருவர் போகலாம், ஒருவர் இருந்தாக வேண்டும். "தலை விழுந்தா நான் போறேன், பூ விழுந்தா நீ போ" என்றாய். சுண்டும்போது நீ காசைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்தாய். என்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன். தலை விழுந்ததும் நீயே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாய்.

என் வேலைக் கடிதமும் அதே பீரோவில்தான் இருக்கிறது. மடித்த இடத்தில் கிழிந்துவிட்டது.

அன்புடன்,
குட்டி

ஏப்ரல் 7

அன்புள்ள குட்டிக்கு,

காசு கிடைத்ததைப் படித்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. பழசையெல்லாம் நினைத்து மனசைக் குழப்பிக்கொள்ளாதே. காசு விழுகிறபடி விழுந்தது, அதற்கு நாம் என்ன செய்ய முடியும்?

வந்தபோதே பேச நினைத்தேன், அழுகைக்கு நடுவில் பேச வாய் வரவில்லை. நம் வீட்டைக் கேட்டு ஓர் ஆள் வந்திருக்கிறார். இடித்துவிட்டு வண்டி நிறுத்தும் இடம் கட்டப்போகிறாராம். உனக்கும் வயதாகிறது, இன்னும் எத்தனை நாள் ஊரார் அழுக்கோடு மல்லுக்கட்டுவாய்? ஒரு சின்ன அறை பார்த்துக்கொண்டு நிம்மதியாக இரு. நீ வேண்டாம் என்பாய், தெரியும். அதனால் நம் வழக்கப்படியே வைத்துக்கொள்வோம். தலை விழுந்தால் விற்பது. பூ விழுந்தால் என் பாதியையும் உன் பேருக்கே எழுதித் தருகிறேன். இதைவிட நியாயம் உண்டா? ஜூன் மாதம் அண்ணியோடு வருகிறேன்.

அண்ணன்

ஏப்ரல் 23

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வீடு போனால் கடையும் போச்சு. கடை போனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? கல்யாணம், பிள்ளை, வேலை எதுவும் இல்லாமல் நான் சேர்த்துவைத்தது இந்த முன்னறையும் ஏழு மிஷினும்தான். இதை எனக்கு விட்டுக்கொடுத்துவிடேன் அண்ணா. கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே.

சுண்டித்தான் ஆக வேண்டும் என்றால் சரி. ஆனால் அந்தப் பழைய காசு எதற்கு? இங்கே கடைப்பெட்டியில் கூடை கூடையாகக் கிடக்கிறது. அதில் நீயே ஒன்றை எடுத்துச் சுண்டு. எது விழுந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன், சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறேன். இதற்குமட்டும் சரி என்று ஒரு வரி எழுதிப் போடு.

குட்டி

மே 5

குட்டி,

இதென்ன சின்னப்பிள்ளை மாதிரி? எனக்கு ராசி அந்தக் காசுதான். வேறு காசில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதையே எடுத்து வை.

அண்ணன்

மே 16

அன்புள்ள அண்ணா,

உன் இஷ்டம். அந்தக் காசே இருக்கட்டும்.

பத்திரம் எழுதுபவரிடம் பேசிவிட்டேன். இரண்டு விதமாகவும் எழுதித் தயாராகக் கொண்டுவருவார், விழுந்ததைப் பார்த்து அங்கேயே கையெழுத்து. அண்ணியைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா. நல்ல காரியம், நாலு பேர் பார்க்க நடக்கட்டும்.

குட்டி

ஜூன் 20

ஐயா,

அண்ணா என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் கேட்கத் துடித்து, கேட்க முடியாமல் திரும்பிப்போன விஷயத்தை எழுதுகிறேன்.

நீங்கள் சில்லறையைக் கொட்டிவிட்டுப் போன மறுநாள் காலை, அதை எடுத்து மூன்றாம் எண் மிஷினில் போட்டேன். ஒரு காசைமட்டும் அது மூன்று தடவை துப்பியது. மிஷினைத் திட்டினேன். மற்ற ஆறும் துப்பின. எதிர்வீட்டு லேத் பட்டறைக்காரர் துணி போட வந்திருந்தார், அவரிடம் காட்டினேன். வாங்கிப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"ஒரு காசைக் குடைஞ்சு இன்னொன்னை உள்ள பொருத்தியிருக்காங்கம்மா. எடை இடிக்குது, அதான் மிஷின் வாங்கல. ரெண்டு பக்கமும் தலை. வேடிக்கை காட்டுறதுக்குன்னு விப்பாங்க. யாரு குடுத்தா?"

அழுக்குத்துணிக் கூடைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இருபத்திரண்டு வருடமாக என் அதிர்ஷ்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்ட வேண்டிய ஆள் அப்போதுதான் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு விமானம் ஏறியிருந்தார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் உங்கள் கழுத்து கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் போனது உங்கள் நல்ல காலம்.

வீட்டுக்கும் சுண்டலாம் என்று உங்கள் கடிதம் வந்ததும் பட்டறைக்காரரிடம் போய்க் கேட்டேன். "இதே மாதிரி, ரெண்டு பக்கமும் பூவா ஒண்ணு செய்ய முடியுமா?" முடியும் என்றார். கீறலைக்கூட அதே இடத்தில் போட்டுத் தந்தார்.

ஏப்ரலில் நான் கெஞ்சியது நாடகம் இல்லை. ஏதோ ஒரு காசு போதும் என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால், பூக்காசைச் சாக்கடையில் போட்டிருப்பேன். தோற்றிருந்தால் வீட்டையும் கொடுத்திருப்பேன். நீங்கள் எழுதிய வரி வேறு.

பத்திரம் எழுத நீங்கள் வந்த அன்று உறையைக் கிழித்து, நானே உங்கள் கட்டைவிரல்மேல் காசை வைத்தேன். நீங்கள் அதைப் பார்க்கவில்லை. வழக்கம்போல என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு "தலை" என்றீர்கள். அந்தத் தடவை நானும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பூ" என்றார் பத்திரம் எழுதுபவர்.

நீங்கள் குனிந்து எடுத்தீர்கள். புரட்டினீர்கள். மறுபடி புரட்டினீர்கள். "என்னங்க, என்ன ஆச்சு?" என்று அண்ணி கேட்டார். என்ன சொல்வீர்கள்? 'இது என் காசு இல்ல, என்னோடதுல ரெண்டு பக்கமும் தலை இருக்கும்' என்றா? நான் பேனாவை நீட்டினேன், நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். பொய் சொல்ல மாட்டேன், இனித்தது. அம்மா விழுந்த நாளிலிருந்து எனக்கு எதுவும் அப்படி இனித்ததில்லை.

என் இளமைக்கு இந்த வீடு ஈடாகாது. ஆனாலும் கிடைத்ததை விடப்போவதில்லை. அண்ணிக்கு நான் எதுவும் எழுத மாட்டேன். என்றைக்காவது எழுதிவிடுவேனோ என்று நீங்கள் பயந்துகொண்டே இருங்கள்.

பூக்காசு உங்கள் பையிலேயே இருக்கட்டும். உங்கள் ராசிக் காசை மூன்றாம் எண் மிஷினுக்குமேல் ஆணியடித்து மாட்டிவிட்டேன். துணி போட வருகிறவர்கள் என்ன என்று கேட்கிறார்கள்.

"மிஷின்கூட வாங்காத காசு. எங்க அண்ணன் குடுத்தது" என்று சொல்கிறேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
ஏழு மிஷின் கடைக்காரி