இடது இருக்கை

மார்ச் 11, திங்கள்
மருத்துவச் சான்றிதழ் கிடையாது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். நெஞ்சில் அடைப்புக்கு வைத்த ஸ்டென்ட் இருக்கிறதாம். சான்றிதழ் இல்லாத விமானி உரிமம் வெறும் அட்டை. பத்தொன்பது வருடம் ஓட்டியிருக்கிறேன்.
சூப்பைப் பரிமாறிக்கொண்டே ஸ்தென்கா கேட்டாள்: "அப்போ நான் விமானம் ஓட்டக் கத்துக்கவா, ஓதா?"
"கத்துக்கோயேன்." பெண்டாட்டி விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 6, சனி
விளையாட்டு இல்லை. பறக்கும் கிளப்பின் பழைய செஸ்னா விமானத்தில், விமானி உட்காரும் என் இடது இருக்கையில், அவள். பக்கத்தில் பயிற்சியாளர் ராதிம். நான் வேலியோரம், கையில் பீர். நான் ஓட்டிய காலத்தில் தன் மருந்துக்கடை வேலையை விட்டு ஒரு ஞாயிறுகூட இங்கே வராதவள்.

மே 18, சனி
தனியாகப் பறந்து இறங்கிவிட்டாள். பதினான்கு மணி நேரப் பயிற்சியிலேயே. எனக்கு இருபத்திரண்டு ஆயிற்று.
முதல் தடவை தனியாகப் பறந்தவர் தலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார்கள். ராதிம் வாளியை என்னிடம் கொடுத்தான். "உன்னைவிட இவ பக்குவமா ஓட்டுறாடா." எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.
கிணற்றுத் தண்ணீர், ஐஸ் மாதிரி. கொஞ்சம் பார்த்து ஊற்றியிருக்கலாம்.

ஆகஸ்ட் 2
குறுக்குக் காற்றில் எப்படி இறங்குவது என்று என்னிடம் கேட்டாள். "ராதிமைக் கேளு" என்றேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்
அவள் போனை எடுக்கவில்லை என்று தேர்வாளர் விலீம் என்னைக் கூப்பிட்டார். "சனிக்கிழமை அவளோட உரிம டெஸ்டை எடுக்க முடியாது, ஓதா. வியாழன் வரச் சொல்லு. அதை விட்டா மூணு வாரம் ஆயிடும்."
"வியாழன் அவளுக்குக் கடை இருக்கே." என் வாய்தான் சொன்னது. எப்படி வந்தது?
மூன்று வாரம் தள்ளிவிட்டார்கள் என்று அவளிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். தெரியாது என்றேன். புத்தகங்களை மூடி வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு
விலீம் வியாழன் வரச் சொன்னதை அவகிட்ட சொல்லிட்டேன். கத்துவான்னு நெனச்சேன். கத்தல.
"வியாழக்கிழமை எனக்கு லீவு, ஓதா." அப்புறம் கதவுகிட்ட நின்னு: "நான் தரையிலயே கெடந்தா உன் நெஞ்சு சரியாயிடுமா?"
பொறாமை. கட்டினவ மேலயே. எழுதியாச்சு.

அக்டோபர் 5, சனி
தேறிவிட்டாள். ராதிம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அக்டோபர் 26, சனி
உரிமம் அவள் கைக்கு வந்து இரண்டு நாள். முதல் பயணி அவள் அண்ணன் போகுமில். நான் இல்லை.

அக்டோபர் 27, ஞாயிறு
"ஜாக்கெட்டை எடுத்துக்கோ" என்றாள்.
செஸ்னாவில் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்தேன். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஆற்றைத் தாண்டியதும் உயரம் குறைவதாகத் தோன்றி வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சரிசெய்திருந்தாள்.
இறங்கும்போது சக்கரம் ஒரு துள்ளு துள்ளியது. எனக்குள் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இங்கேயாவது பொய் வேண்டாம்.
எஞ்சினை நிறுத்தினாள். "சொல்லு. வாய் துடிக்குதே."
"துள்ளிச்சு."
"உன் மொத பயணியோட எத்தனை தடவை?"
"மூணு தடவை. உங்க அண்ணன்தான். இறங்கி வாந்தி எடுத்தான்."
"சாசேஜ் ஒத்துக்கலைன்னு சொன்னானே?"
"நான்தான் அப்படிச் சொல்லுன்னேன்."
சிரித்துவிட்டாள். ஆறு வாரம் கழித்து. பிறகு செஸ்னாவைக் கொட்டகைக்குத் தள்ளினோம், அவள் ஒரு இறக்கைப் பக்கம், நான் மறுபக்கம்.