வெளுத்த ஸ்பார்க் பிளக்குகள்

அன்புள்ள உனக்கு,

எட்டு ஸ்பார்க் பிளக்கும் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தன. அதைத்தான் அன்று நான் சொல்லவில்லை.

புது எக்ஸாஸ்ட் புகைக்குழாய் பூட்டிய நம் பழைய கார் டெட்ராய்ட் தெருவே அதிர ஒரு சுற்று வந்திருந்தது. நீ அதன் அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாய். நானும் உன் நண்பர் வெண்டலும் பேசியது உனக்குக் கேட்டிருக்காது. இன்ஜினுக்குப் பெட்ரோலை அளந்துவிடும் கார்புரேட்டரைச் சரிசெய்திருந்த அவர், கழற்றிய பிளக்குகளை முட்டை அட்டையில் அடுக்கி நீட்டினார்.

"புத்தகத்த வெச்சுட்டு வா தங்கச்சி. கண்ணாடிய மறந்துட்டேன், நிறத்தப் பாத்துச் சொல்லு. காப்பி நிறம்னா சரி. வெளுத்திருந்தா பெட்ரோல் பத்தல, இன்ஜின் வெந்துடும்."

நான் பிளக்குகளைப் பார்த்துவிட்டு "ம், சரி" என்றேன்.

"எப்படிடா இருக்கு?" என்று அடியிலிருந்து கத்தினாய்.

"ராஜா மாதிரி இருக்குடா!" என்றார் அவர்.

சனிக்கிழமைப் பந்தயத்தில் நீ அந்தக் காரை ஓட்டுவதை நான் விரும்பவில்லை. புறப்படும்போதே இன்ஜின் திணறி நின்றுவிடும், நீ முழுசாய் வீடு வருவாய் என்று நம்பினேன். முழு வேகத்தில் உடையும் என்று நினைக்கவில்லை. இப்போதும் அந்த உறுமல் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

இரண்டாவது ஓட்டத்தில் பிஸ்டன் ஓட்டையானது. உனக்குக் கீறல்கூட இல்லை. எல்லோர் முன்னாலும் வெண்டலைக் குருட்டுப் பயல் என்று திட்டினாய். என்னிடம் கேட்டதை அவர் சொல்லவில்லை. அதன்பிறகு நம் வீட்டுக்கு வரவும் இல்லை.

உன் மனைவி