அண்ணி வண்டியில் எரிந்த விளக்கு

மார்ச் 4, செவ்வாய்

அண்ணியின் கார் திரும்பவும் என் பட்டறைக்கு வந்து நிற்கிறது. என் கணவரின் அக்கா. வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண் கட்டி ஊசி போடும் நர்ஸ். ஒரு நாளைக்குப் பதினோரு வீடு. வாய் மட்டும் தெருவுக்கே கேட்கும்.

போன மாதம்தான் நானே சர்வீஸ் செய்து கொடுத்தேன். பத்து நாளில் இன்ஜின் விளக்கு எரிந்துவிட்டதாம். பட்டறைக்குள் வந்ததும் வராததுமாக, இரண்டு வாடிக்கையாளர்கள் முன்னால் ஆரம்பித்தாள்.

"நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டி. நீ தொட்ட, கெட்டுச்சு."

ஸ்கேனரை மாட்டினேன். கலவை மெலிந்திருக்கிறது என்று பிழைக் குறியீடு காட்டியது. இன்ஜினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. காரணம் இருபது இருக்கும். காற்றை அளக்கிற சென்சாரில் கொஞ்சம் அழுக்கு இருந்தது. கழுவி மாட்டி, குறியீட்டை அழித்துக் கொடுத்தேன்.

போகிற போக்கில், "பிரேக் வேற கனமா இருக்கு" என்றாள். இவளுக்கு எதுதான் கனமாக இல்லை?

"செருப்ப மாத்திப் பாருங்க அண்ணி" என்றேன். வாடிக்கையாளர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் முகம் சிவந்தது. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாகத் தலையைக் குனிந்துகொண்டு வண்டியேறினாள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

மார்ச் 6

விளக்கு திரும்ப எரிகிறதாம். என்னிடம் சொல்லவில்லை. தம்பிக்கு, அதாவது என் கணவருக்கு, போன் போட்டு அரை மணி நேரம்.

மார்ச் 8, சனி

வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டாள். இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அக்காவுக்கு உன்மேல கோபம் இல்ல. நம்பிக்கைதான் இல்ல."

என்ன ஆறுதல்!

"உங்க அக்கா என்னைக்கு என்ன நம்பினாங்க? கல்யாணத்தன்னைக்கே, ஸ்பேனர் பிடிக்கிற கை எப்படிக் குழந்தையத் தூக்கும்னு கேட்டவங்கதானே?" சாப்பாட்டில் பாதி அப்படியே கிடக்க எழுந்து வந்துவிட்டேன். இரண்டு பிள்ளைகளைத் தூக்கித்தான் வளர்த்தேன். கிரீஸ் கையோடுதான்.

மார்ச் 11

அந்தப் பட்டறைக்காரர் ஆக்சிஜன் சென்சாரை மாற்றியிருக்கிறார். நல்ல வேடிக்கை. புகையை மோந்து பார்த்து உண்மையைச் சொன்னவனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் புது ஆளை உட்கார வைத்திருக்கிறார். அவனும் அதையேதான் சொல்வான். இரண்டே நாளில் சொல்லியும்விட்டான். விளக்கு எரிகிறது.

எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இதை எழுத வெட்கமாகவும் இல்லை.

மார்ச் 13, வியாழன்

காலை பத்தரைக்கு இவர் போன். அண்ணியின் வண்டி சந்திப்பில் நிற்காமல் போய்விட்டது. ரோட்டைக் கடந்துகொண்டிருந்த பெரியவரின் கைத்தடியைத் தட்டிவிட, மனிதர் குப்புற விழுந்துவிட்டார். உள்ளங்கை இரண்டும் உரிந்துவிட்டன, வேறொன்றும் இல்லை. அங்கேயே ரோட்டோரத்தில் உட்கார்ந்து அண்ணிதான் கட்டுப் போட்டிருக்கிறாள்.

வண்டியை இழுத்துக்கொண்டு என் பட்டறைக்கே வந்தார்கள். கத்துவாள் என்று நானும் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கத்தவில்லை. டயர் மேல் உட்கார்ந்தாள்.

"மிதிச்சேன். கல்லு மாதிரி இருந்துச்சு. உங்கிட்ட சொன்னேன்ல."

அவ்வளவுதான். தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை.

சொன்னாள். சொன்னாளே. நான் என்ன சொன்னேன்? செருப்ப மாத்துங்கன்னு — ஐயோ.

மார்ச் 14

பட்டறையைத் திறந்ததும் வேறு எதையும் தொடவில்லை.

வண்டி சும்மா நின்று ஓடும்போது கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட இருபத்து நான்கு சதவீதம் பெட்ரோல் கூட ஊற்றிச் சமாளிக்கிறது. வேகம் கொடுத்தால் ஆறு சதவீதம் போதும் என்கிறது. அப்படியானால் காற்றை அளக்கிற சென்சாரைத் தாண்டி எங்கோ ஓட்டை வழியாகக் காற்று நுழைகிறது. இரண்டு நிமிஷ வேலை. முதல் நாளே பார்த்திருக்கலாம். ஸ்கேனரைப் பார்க்காமல் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரேக்கை லேசாக்குவது இன்ஜினின் உறிஞ்சு விசைதான். அது ஒரு தடித்த ரப்பர் குழாய் வழியாகப் பிரேக்குக்குப் போகிறது. அந்தக் குழாயை இன்ஜினை ஒட்டிக் குறட்டால் நெரித்தேன். இருபத்து நான்கு பதினைந்தானது. பிறகு ஏழு. நிச்சயப்படுத்திக்கொள்ளப் புகை விட்டுப் பார்த்தேன். குழாயின் அடிப்பக்கத்திலிருந்து நூல் போல மேலே வந்தது.

கழற்றினேன். நகத்தளவு கிழிசல். அதையொட்டி ஸ்க்ரூடிரைவர் கீறல்.

சர்வீஸ் அன்று, இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலைக் கழுவ இந்தக் குழாயை எடுக்க வேண்டியிருந்தது. வரவில்லை என்று ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பினேன். நான்தான். வேறு யார் கையும் அங்கே போகவில்லை. அந்த இன்னொரு பட்டறைக்காரர் கூட வெளியே இருக்கிற சென்சாரைத்தான் தொட்டார்.

பழைய ரப்பர், தானாக வெடித்துவிட்டது என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? இவரிடம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. குப்பைத் தொட்டி கைக்கெட்டும் தூரத்தில்.

அவளிடமா? அவளிடம் போய்த் தப்பு என்று நிற்கவா? ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாளே.

பெரியவர் தலை தரையில் பட்டிருந்தால்?

மார்ச் 15, சனி

புதுக் குழாய் போட்டேன். நானே ஓட்டிப் பார்த்தேன், பன்னிரண்டு தடவை பிரேக் அடித்து. பிறகு வண்டியையும் கிழிந்த குழாயையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். மேஜை மேல் குழாயை வைத்தேன்.

"என்ன இது?"

"நான் கிழிச்சது. சர்வீஸ்ல. அதனாலதான் விளக்கு எரிஞ்சது, அதனாலதான் பிரேக் கல்லாச்சு. நீங்க முதல் நாளே சொன்னீங்க. நான் கேக்கல."

குழாயைக் கையில் எடுத்து, காயத்தைப் பார்ப்பது போல விரித்துப் பார்த்தாள்.

"நாலு பேர் முன்னால என்னச் சிரிக்க வச்சியே."

"ஆமா அண்ணி."

"அந்தப் பெரியவருக்குக் கட்டு மாத்தப் போறேன். வண்டிய எடு. நீயும் வா, அவர்கிட்டயும் இதச் சொல்லு."

போனேன். சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அவர் மகள் கதவருகே நின்று என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணி திட்டிக்கொண்டே வந்தாள். என் ஓட்டும் விதம், என் வளர்ப்பு, என் அம்மாவின் வளர்ப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். அம்மாவை இழுத்தபோது மட்டும், "அவங்கள விடுங்க" என்றேன். விட்டாள். அடுத்த சிக்னலில் இவரைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 17

விளக்கு எரியவில்லை. இவர் சொன்னார்.

மார்ச் 29, சனி

மத்தியானம் அண்ணி வந்தாள். கூட இன்னொரு நர்ஸ், அவளுடைய வண்டி ஓடும்போது குலுங்குகிறதாம். நான் வேறு வண்டிக்கு அடியில் கிடந்தேன். அண்ணியின் செருப்பும் குரலும் மட்டும்தான் வந்தன.

"இவதான் என் தம்பி பொண்டாட்டி. வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. ஆனா தப்பு பண்ணினா வீடு தேடி வந்து சொல்லுவா. வண்டிய இங்க விடு."

நான் நகர்ந்து வெளியே வருவதற்குள் போய்விட்டாள். இன்னும் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. அவளுக்கும் என்னைப் பிடிக்காது.

அந்த நர்ஸுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு, "எப்பல்லாம் குலுங்குது, சொல்லுங்க" என்றேன்.