ஒரே போல இருந்த இரண்டு ‘தொ’

மார்ச் 4, செவ்வாய்

இன்று கூட்டத்தில் இருமினேன். அதனால் ஒரு பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பல் மருத்துவர்களுக்கும் சிறு மருத்துவமனைகளுக்கும் முன்பதிவு இணையதளம் செய்து கொடுக்கிறது எங்கள் அலுவலகம். புதிய மாற்றங்களோடு வரும் ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் தளத்தின் எல்லாப் பக்கங்களையும் ஒருவர் கையால் தட்டிப் பார்க்க வேண்டும். அந்த ஒருவர் நான். அடுத்த வெளியீடு இம்மாதம் இருபத்தெட்டாம் தேதி. நோயாளி போலப் பதிவு செய்வேன், ரத்து செய்வேன், வேண்டுமென்றே தப்பான தொலைபேசி எண் கொடுப்பேன். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது. தவறு செய்யச் சம்பளம்.

இனி ஒரு கருவி உலாவியைத் தானே திறந்து தானே தட்டிப் பார்க்கட்டும் என்றார் மேலாளர். யார் எடுத்துச் செய்கிறீர்கள் என்று கேட்ட நொடியில் எனக்குத் தொண்டை கமறியது. "ரொம்ப சந்தோஷம் சார்" என்றார். மறுக்க வாயைத் திறந்தேன், மறுபடியும் இருமல்தான் வந்தது. அவரும் என்னை சார் என்பார், நானும் அவரை சார் என்பேன். வெளியாள் கேட்டால் யாருக்கு யார் மேலாளர் என்றே தெரியாது.

என்னால் ஆகுமா? ஆகாது என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 5, புதன்

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ இருபத்தெட்டாம் தேதி நீங்க இல்லாமலே வெளியிடலாம்?" என்று கேட்டாள்.

இவளுடைய அக்கா ரயிலில் இரண்டு இரவு போகவேண்டிய ஊரில் இருக்கிறார். வருடக்கணக்காகப் பார்க்கவில்லை. இரண்டு முறை பயணச்சீட்டு எடுத்தோம், இரண்டு முறையும் வெளியீடு வந்தது, சீட்டை ரத்து செய்தோம். (என் கை ரத்து செய்வதில் நன்றாகப் பழகியிருக்கிறது.) இப்போது அக்காவுக்குக் காது மங்கிவிட்டது. "இனிமே போன்ல பேசினா அக்காவுக்குக் கேக்காதுங்க. எதிர்ல உக்காந்து வாயைக் காட்டித்தான் பேசணும்" என்றாள்.

சாயங்காலம் பார்த்தால் இருபத்தேழாம் தேதிக்கு இரண்டு சீட்டு எடுத்து வைத்திருக்கிறாள். நான் வராவிட்டால் தனியாகவே போவாளாம். இவள் தனியாகப் பயணம் போனதில்லை. நான் தனியாக அடுப்பு பற்றவைத்ததில்லை.

மார்ச் 6, வியாழன்

மேலாளரிடம் கேட்டே விட்டேன். வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பி வந்தபிறகு. நிபந்தனை இது: வெளியீட்டு வாரத்தில் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கருவியின் சோதனைகள் எல்லாம் தேறிப் பச்சையாக வந்தால் நான் போகலாம். ஒன்று சிவந்தாலும் வெள்ளிக்கிழமை இங்கே உட்கார்ந்து கையால் தட்ட வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

அது நடந்தது! உலாவி தானாகத் திறந்தது. பெட்டிக்குள் ‘சோதனை’ என்ற பெயர் தானாக விழுந்தது. பட்டன் தானாக அமுங்கியது. நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன் — சத்தியமாக. பக்கத்து மேசையில் இருப்பவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். நிரல் எழுதுகிறவள், நாற்பது வயதிருக்கும். விசைப்பலகையை அடிக்கும் வேகத்தால் அலுவலகத்தில் அவளுக்குப் புயல் என்று பெயர். "பேய் ஓட்டுற மாதிரி இருக்குல்ல சார்?" என்றாள். ஆமாம், நல்ல பேய். வீடு வரும்வரை எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன். பேருந்தில் ஒருவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

மார்ச் 10, திங்கள்

பேய்க்குப் பொறுமை இல்லை. பக்கம் வருவதற்குள் தட்டிவிட்டு, பட்டனைக் காணோம் என்று அழுகிறது. ஒவ்வொரு தட்டலுக்கும் முன்னால் ஐந்து நொடி காத்திரு என்று எழுதினேன். சரியாயிற்று. ஆனால் நான் போய் டீ குடித்து, கோப்பையைக் கழுவி, கூடவே மற்றவர்களின் கோப்பைகளையும் கழுவிவிட்டு வந்தபோதும் அது மூன்றாவது பக்கத்தில் காத்திருந்தது.

புயல் பார்த்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு எண்ணச் சொல்லாதீர்கள், பட்டன் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள், வந்ததும் தட்டட்டும் என்றாள். எவ்வளவு நியாயம்! நானும் பேருந்து நிறுத்தத்தில் எண்ணிக்கொண்டா நிற்கிறேன்?

மார்ச் 12, புதன்

எல்லாம் பச்சை. எல்லாமே. கேக் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

மார்ச் 13, வியாழன்

கேக்கைத் திரும்ப வாங்க முடியாது.

நேற்று மதியம் முழுவதும் நாங்கள் சோதிக்கும் ஒத்திகைத் தளமே படுத்துக் கிடந்திருக்கிறது. ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. அப்படியும் என் சோதனைகள் எல்லாம் பச்சை. புயல் என் நிரலை வாசித்தாள், அவள் தோள் குலுங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். ‘பட்டன் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, மேலே போ’ என்று எல்லா இடத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். சிவப்பு வந்துவிடக் கூடாதே என்று பயந்து எழுதியது. "உங்க சோதனை ரொம்ப மரியாதை தெரிஞ்சது சார், யாரையும் குறை சொல்லாது" என்றாள்.

எல்லாப் ‘பரவாயில்லை’யையும் அழித்தேன். அழிக்க அழிக்க என்னமோ ஒரு துணிச்சல்.

மார்ச் 14, வெள்ளி

இன்று வேலை போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை?

காலையில் பல் மருத்துவமனை வரவேற்பில் இருக்கும் அம்மா தொலைபேசியில் வந்தார். "சோதனைன்னு ஒருத்தர் பல்லு புடுங்க முப்பத்தேழு தடவை நேரம் வாங்கியிருக்காரு சார். மனுசனுக்கு மொத்தமே முப்பத்திரண்டுதானே?"

கருவிக்கு ஒத்திகைத் தளத்தின் முகவரியைக் கொடுக்க வேண்டிய இடத்தில் உண்மையான தளத்தின் முகவரியைக் கொடுத்திருக்கிறேன். நேற்று எழுந்த துணிச்சலில் அதை நாள் முழுக்க ஓடவும் விட்டிருக்கிறேன். டாக்டர் வாசலுக்கே வந்து, சோதனை யார், சோதனை யார் என்று கூப்பிட்டாராம். நிஜமாகப் பல்வலியோடு உட்கார்ந்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்களாம்.

மன்னிப்புக் கேட்டேன், பலமுறை. அந்த அம்மாவுக்குக் கோபமே இல்லை. வேறொன்றுதான் அவருக்குக் குறை: ‘சோதனை’ என்பவர் பட்டியலில் கண்ணெதிரே நிற்கிறார், ஆனால் பெயரை அடித்துத் தேடினால் அப்படி யாரும் இல்லை என்கிறது. இன்னும் சில நோயாளிகளுக்கும் நெடுநாளாக இப்படித்தானாம். சரி, பார்க்கிறோம் என்றேன். எங்கே பார்ப்பது? மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு.

மார்ச் 17, திங்கள்

புயல் ஒரு நல்ல யோசனை சொன்னாள். பட்டன் பக்கத்தில் எத்தனையாவது என்று எழுதினால் நாளைக்கே இடம் மாறிவிடும். பட்டன்மேல் எழுதியிருக்கும் சொல்லை வைத்துத் தேடச் சொல்லுங்கள், மனிதர்கள் அப்படித்தானே தேடுகிறார்கள் என்றாள். எல்லாவற்றையும் திருத்தி எழுதினேன்.

பாதி சிவப்பு.

‘உறுதி செய்’ கிடைக்கிறது. ‘ரத்து செய்’ கிடைக்கிறது. ‘தொடர்க’ கிடைக்கவில்லை. கருவி சொல்கிறது: ‘தொடர்க’ என்று இருக்க வேண்டும், ஆனால் ‘தொடர்க’ என்று இருக்கிறது.

திரும்பத் திரும்ப வாசித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

புயல் அதே வரியை என் கணினியில், தன் விசைப்பலகை முறைக்கு மாற்றிக்கொண்டு அடித்தாள். பச்சை. அதே வரியை, அதே சொல்லை, அதே நாற்காலியில் உட்கார்ந்து நான் அடித்தேன். சிவப்பு. மறுபடி அவள் — பச்சை. மறுபடி நான் — சிவப்பு. "உங்களை அதுக்குப் பிடிக்கல சார்" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் என்னைப் பிடிக்காமல் போனவர்கள் நினைவெல்லாம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் ரயில் சீட்டை இவள் எங்கே வைத்திருக்கிறாள் என்று தேடினேன். ரத்து செய்யக் கடைசி நாள் எது?

மார்ச் 19, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக வரும், வரட்டும்.

வெறுத்துப்போய் என் ‘தொடர்க’வைப் பின்னாலிருந்து அழித்துக்கொண்டு வந்தேன். க போயிற்று, ர் போயிற்று, ட போயிற்று. ‘தொ’ மிச்சம். இன்னொரு தட்டு. ‘தெ’ என்று நின்றது. கால் மட்டும் போய்க் கொம்பு நிற்கிறது. அவள் அடித்ததை அதேபோல அழித்தேன். ஒரே தட்டில் ‘த’ ஆகிவிட்டது.

இரண்டும் வேறு! பார்க்க ஒன்று, உள்ளே வேறு. நான் பழைய தட்டச்சு முறையில் கற்றவன்; கொம்பைத் தனியாக அடிப்பேன், த அடிப்பேன், காலைத் தனியாக அடிப்பேன். என் மென்பொருளும் அவற்றை இரண்டு குறியாகவே சேர்த்து வைக்கிறது. புயல் ஒலிப்பு முறையில் அடிப்பவள். அவளுக்குக் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாக விழுகிறது. கண்ணுக்கு இரண்டும் ‘தொ’. கணினிக்கு ஒன்று தொ, மற்றொன்று கொம்பும் காலும் வைத்த ஏதோ மாடு.

புயலை இழுத்துவந்து காட்டினேன் — கையைப் பிடித்தே இழுத்தேன், பிறகுதான் உறைத்தது. அவள் ஒரு முறை அழித்துப் பார்த்தாள். இன்னொரு முறை. பிறகு மெதுவாக, "சார், சோதனைக்கும் ‘சோ’தானே?" என்றாள்.

அதேதான். அந்த அம்மா தேடியும் கிடைக்காத நோயாளிகள்! பட்டியலைத் திறந்து பார்த்தோம், அவர்கள் எல்லார் பெயரிலும் ஒ, ஓ வரிசை எழுத்து இருந்தது. என்னைப் போலத் தட்டச்சு கற்ற யாரோ அடித்த பெயர்கள். என் சோதனை தப்பாகச் சிவக்கவில்லை. பழுது தளத்தில்தான், பல நாளாக.

மார்ச் 20, வியாழன்

யார் எந்த முறையில் அடித்தாலும் உள்ளே வரும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடும்படி புயல் எழுதினாள். தேடும்போதும், ஏற்கெனவே பதிந்த பெயர்களுக்கும் அப்படியே. கருவிக்கும் அப்படியே. நான் சிவப்பையெல்லாம் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றாகப் பச்சை ஆயிற்று, தெருவிளக்கு எரிவது போல. இந்த ஒரு திருத்தத்தை மட்டும் வெளியீட்டுக்குக் காத்திராமல் உடனே உண்மையான தளத்திலும் ஏற்றினாள்.

மதியம் பல் மருத்துவமனை அம்மா கூப்பிட்டார். "காணாமப் போன அத்தனை பேரும் வந்துட்டாங்க சார். இப்ப அவங்களுக்கெல்லாம் ஒரே நாள்ல நேரம் குடுக்கணும், டாக்டர் உங்களைத் தேடிட்டிருக்காரு." சோதனையின் முப்பத்தேழு பதிவையும் ரத்து செய்தாயிற்று. பல் எல்லாம் பத்திரம்.

மார்ச் 24, திங்கள்

பச்சை.

மார்ச் 25, செவ்வாய்

பச்சை. இவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். என் சட்டைகளையும் வைத்திருக்கிறாள், அடியில். நான் வர முடியாமல் போனால் எடுப்பதற்கு வசதியாக மேலே வைக்கவில்லையா என்று கேட்டேன். பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மார்ச் 26, புதன்

காலையில் சிவப்பு. ஒன்றே ஒன்று.

ரத்து செய்தபிறகு அந்த நேரம் மறுபடி காலியாகத் தெரிய வேண்டும், தெரியவில்லை. நான்தான் எதையோ கெடுத்திருப்பேன் என்று முதலில் என் நிரலைப் பார்த்தேன். பிறகு கையால் செய்து பார்த்தேன். நிஜமாகவே தெரியவில்லை. புயல் நேற்று சாயங்காலம் ஒன்றை மாற்றியிருக்கிறாள். பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பதினோரு மணி டீக்கு முன்னால் சரிசெய்தும் விட்டாள்.

ஆனால் மேலாளர் தலையை ஆட்டினார். மூன்று நாள் என்று பேசினோம், இரண்டு நாள்தான் ஆயிற்று. வெள்ளிக்கிழமை நான் இருந்தால் அவருக்குத் தெம்பாக இருக்கும் என்றார். சரி சார் என்றேன். என் வாய் அப்படித்தான். என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். இவளுக்கு எப்படிச் சொல்வது என்று வாக்கியம் அமைத்துப் பார்த்தேன். மூன்று வாக்கியம் அமைத்தேன், எதுவும் நன்றாக இல்லை.

எழுந்து மறுபடி அவர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேனா? நினைவில்லை.

"சார், நேத்து வந்த பழுதை நான் கையால பாத்திருந்தா வெள்ளிக்கிழமை சாயங்காலந்தான் தெரிஞ்சிருக்கும். கருவி இன்னைக்குக் காலையிலேயே சொல்லிடுச்சு" என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் இருமல் வந்துவிடும். "இதையே நான் கண்டுபிடிச்சிருந்தா நல்ல வேலை சார்னு சொல்லியிருப்பீங்க. அது கண்டுபிடிச்சா எனக்கு லீவு இல்லையா?"

அவர் நாற்காலியில் சாய்ந்து, "போயிட்டு வாங்க சார்" என்றார். நான் கதவருகே போனதும், "இருமலுக்கு ஏதாச்சும் குடிங்க."

வெளியே வந்தபோது கால் தரையில் இல்லை. புயல் எதுவும் கேட்காமல் என் கணினியை அணைத்து, பையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

மார்ச் 27, வியாழன்

ரயில் ஆடுகிறது. எழுத முடியவில்லை. ஜன்னலோர இடத்தை இவளுக்கு விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்தேன். அவள் எடுத்துக்கொண்டாள் என்பதே உண்மை.

மார்ச் 29, சனி

நேற்று முழுவதும் வழியில் தொலைபேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. இன்று நிலையத்தில் இறங்கியதும் புயலிடமிருந்து ஒரே ஒரு செய்தி: ‘வெளியிட்டாச்சு.’ அவ்வளவுதான். எல்லாம் பச்சையா, சிவப்பு ஏதும் வந்ததா, பல் மருத்துவமனைப் பக்கத்தை யாராவது திறந்து பார்த்தீர்களா என்று வரிசையாகக் கேள்வி அடித்தேன். அடித்ததையெல்லாம் அழித்துவிட்டு, ‘நல்லது’ என்று மட்டும் அனுப்பினேன்.

காலையிலிருந்து அக்காவும் தங்கையும் முழங்கால் முட்ட எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். இவள் சத்தமே இல்லாமல் வாயை அசைக்கிறாள். அக்கா, காது கேளாதது தங்கைக்குத்தான் என்பதுபோல உரக்கப் பதில் சொல்கிறார். தெருவுக்கே எங்கள் குடும்பக் கதை தெரிந்துவிட்டது. நடுநடுவே இருவரும் கண்ணீர் வரச் சிரிக்கிறார்கள், எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. மதியத்துக்கு மேல் அக்கா என் பக்கம் திரும்பி, இவர் ஏன் ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று தங்கையைக் கேட்டார்.

நான் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

அக்கா என் வாயையே உற்றுப் பார்த்துவிட்டு, "உடுப்பா? வாங்கினேன், ஆனா ரொம்பச் சின்னது" என்றார்.